பி.எஸ்.ஏ. 5.1, அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய்: எந்தப் பரிசோதனையை முதலில் செய்துகொள்வது?

கேள்வி – காலிங்கராயன் கரை

வணக்கம். எனக்கு வயது 51. ஈரோட்டில் துணி வணிகம் செய்கிறேன். சில ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மற்றபடி உடம்பில் குறை என்று சொல்ல எதுவும் இல்லை. எங்கள் வணிகர் சங்கத்தின் சார்பில் சலுகைக் கட்டணத்தில் நடந்த முழு உடல் பரிசோதனையில் அண்மையில் கலந்துகொண்டேன். நான் கேட்காமலேயே அந்தத் தொகுப்பில் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையும் சேர்ந்திருந்தது. அதன் அளவு 5.1 என்று வந்திருக்கிறது. 4-க்குள் இருக்க வேண்டும் என்று அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அறிக்கையைக் கொடுத்தவர், புராஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பியில்) புற்றுநோய் இருக்கிறதா என்று பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்து பார்த்துவிடுவது நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் தந்தைக்கும் முதுமையில் புராஸ்டேட் வீக்கம் இருந்தது. அவருக்குப் புற்றுநோய் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என் அண்ணனுக்கு 53 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மலத்தோடு இரத்தம் போனதை மூலம் என்றே நம்பி, களிம்பும் லேகியமுமாக ஏறக்குறைய ஓராண்டை அவர் கடத்திவிட்டார். அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து இப்போது நலமாக இருக்கிறார். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும் என்று அவருடைய மருத்துவர் சொன்னதிலிருந்து, அண்ணி என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே கேட்கிறார்.

எனக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது அந்தக் குழாயை விட்டுப் பார்ப்பது கட்டாயமா, மலப் பரிசோதனை மட்டும் போதாதா? பயாப்ஸி செய்துகொள்ள எவ்வளவு அவசரப்பட வேண்டும்? இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்துக்கொள்ள முடியுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – மலைக்கோட்டை மருத்துவர்

நான் பொது மருத்துவன். உங்களை நேரில் பார்க்காமல் முடிவு எதுவும் சொல்ல இயலாது. ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

கொலோனோஸ்கோபியைப் பொறுத்தவரை, அண்ணி சொல்வதைக் கேளுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதிலோ, நோயாளிக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னரோ, எது முந்துகிறதோ அப்போது தொடங்க வேண்டும் என்பது பல நாட்டு மருத்துவர்களும் பின்பற்றும் நெறி. உங்கள் கணக்கில் அது 40 வயது. அண்ணனுக்கு 60 வயதுக்கு முன்பே நோய் வந்ததால், முதல் பரிசோதனையில் எதுவும் இல்லை என்றாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்வார்கள். குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாதவருக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

தொந்தரவு இல்லை என்பது இங்கே ஆறுதல் தரும் செய்தி ஆகாது. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பகுதி, அடினோமா என்னும் சிறு சதை வளர்ச்சியாகக் குடலின் உள்சுவரில் தொடங்கி, புற்றாக மாறப் பத்து ஆண்டு அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலம் முழுவதும் அது வலிப்பதில்லை. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் கசிவதும் இல்லை. கொலோனோஸ்கோபியில் அதைப் பார்த்த இடத்திலேயே கம்பி வளையத்தால் அறுத்து எடுத்துவிடலாம். நோய் வரும் முன்பே அதன் முளையை அகற்றிவிடும் பரிசோதனைகள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

உங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது வேறு வகை. நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு மலத்தில் இரத்தம் போவது, ஆண் ஒருவருக்கு இரும்புச் சத்துக் குறைவால் இரத்தச்சோகை வருவது, மலம் கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறி அப்படியே நீடிப்பது ஆகியவை அறிகுறிகள். அவற்றுக்கு மேலே சொன்ன வயதுக் கணக்கைப் பார்க்காமல் காரணம் தேட வேண்டும். மூலம் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை.

அடுத்து பி.எஸ்.ஏ. இது புற்றுநோயின் அடையாளப் பொருள் என்று பலரும் எண்ணுகிறார்கள். விந்து நீர்த்துப்போவதற்காகப் புராஸ்டேட் சுரப்பி இயல்பாகவே சுரக்கும் ஒரு புரதம் அது. வயதால் சுரப்பி பெருத்தாலும், அழற்சி வந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும், சிறுநீர் அடைத்துக் குழாய் பொருத்தியிருந்தாலும் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். 4 முதல் 10 வரை இருப்பவர்களுக்குப் பயாப்ஸி செய்தால், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கே புற்றுநோய் தென்படும். 4-க்குள் இருந்தால் நிம்மதி என்பதும் முழு உண்மை அன்று. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 4-ஐத் தாண்டாமலேயே இருந்த முதியவர்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்தபோது 15 சதவீதத்தினரிடம் புற்று அணுக்கள் இருந்தன. ஆகவே அறிக்கையின் ஓரத்தில் இருக்கும் அந்த 4-ஐ, இந்தப் பக்கம் நலம், அந்தப் பக்கம் நோய் என்று பிரிக்கும் எல்லைக்கோடாக எண்ண வேண்டாம்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, சில வாரங்கள் கழித்து அதே ஆய்வகத்தில் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்வது. கூடவே சிறுநீரைச் சோதித்துத் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொற்று இருந்தால் அது தீர்ந்து ஆறு வாரம் போகட்டும். இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள்கள் தாம்பத்திய உறவையும் கடுமையான உடற்பயிற்சியையும் தவிர்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை ஏறி, அடுத்த முறை தானே இறங்கிவிட்ட எண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிறுநீர் தாராளமாக வர மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். டாம்சுலோசின் மட்டும் என்றால் கவலை இல்லை. அதனோடு டூட்டாஸ்டெரைடு சேர்ந்த மாத்திரையோ, ஃபினாஸ்டெரைடோ சில மாதங்களாக எடுப்பவருக்கு பி.எஸ்.ஏ. அளவு பாதியாகக் குறைந்து காட்டும். அப்படிப்பட்டவரின் 3 என்பதை 6 என்று படிக்க வேண்டும். வழுக்கைக்காக ஃபினாஸ்டெரைடு சாப்பிடும் நடுவயதுக்காரர்கள் இதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

மறுமுறையும் அளவு உயர்ந்தே இருந்தால் யூராலஜி (சிறுநீர்ப் பாதை) மருத்துவரைப் பாருங்கள். அவர் ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்த்து, தேவையானால் புராஸ்டேட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, அதன் பிறகே பயாப்ஸியைப் பற்றிப் பேசுவார். 2018-இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 28 சதவீதத்தினருக்குப் பயாப்ஸியே தேவைப்படவில்லை. அப்படியிருந்தும் சிகிச்சை தேவைப்படும் புற்றுகள் அந்தப் பிரிவில்தான் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டன. தந்தைக்கு இருந்த வீக்கம் புற்றுநோயாக மாறும் வகையைச் சேர்ந்ததன்று. அதை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

பதில் – தேக்கா வாசி

மலப் பரிசோதனையைப் பற்றி நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன், அண்ணா. சிங்கப்பூரில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஃபிட் என்ற மலப் பரிசோதனை செய்துகொள்ளும்படி அரசே ஊக்குவிக்கிறது; சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் அதற்கான பெட்டியை இலவசமாகவும் தருகிறது. பெட்டிக்குள் சிறு குச்சி பொருத்திய குழல்கள் இருக்கும். மலம் தண்ணீரில் படாதபடி காகிதத்தில் பிடித்து, அந்தக் குச்சியால் பல இடங்களில் சுரண்டி, குழலில் செருகி மூடி, வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு மாதிரிகளை அனுப்ப வேண்டும். உணவுப் பத்தியம் எதுவும் கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தத்தை அது கண்டுபிடிக்கும். எனக்கு இரத்தம் இருப்பதாக வந்தது, கொலோனோஸ்கோபிக்கு அனுப்பினார்கள், ஒரு பாலிப் (மருத்துவர் சொன்னது போன்ற சிறு சதை வளர்ச்சி) இருந்ததை எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை என்பதால்தான் என்னை மலப் பரிசோதனையில் தொடங்கச் சொன்னார்கள். உடன்பிறந்தவருக்கு இருந்தால் நேராகக் கொலோனோஸ்கோபிக்குத்தான் அனுப்புவோம் என்று அங்கிருந்த மருத்துவர் என்னிடம் சொன்னார். இரத்தம் கசியாத பாலிப்பை ஃபிட் தவறவிட்டுவிடும் அல்லவா?

பதில் – ஓய்வுபெற்ற கணக்காசிரியர்

மருத்துவர் ஐயா மீது மதிப்பு வைத்தே சொல்கிறேன். இரண்டு பரிசோதனைகளின் பயனையும் எண்களில் பார்த்தால், மருத்துவமனை விளம்பரங்கள் காட்டும் அளவுக்கு அது பெரிதாக இல்லை. போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான நார்டிக் ஆய்வில், கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் பத்து ஆண்டுகளுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்தோர் 0.98 சதவீதம், அழைக்கப்படாதோரில் 1.20 சதவீதம். இறப்பில் தெளிவான வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

பி.எஸ்.ஏ. கணக்கு இன்னும் மெலிவானது. எட்டு ஐரோப்பிய நாடுகளில் 55 முதல் 69 வயது வரையிலான 1,62,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. 456 பேரைப் பரிசோதனைக்கு அழைத்தால் ஒரே ஒரு புராஸ்டேட் புற்றுநோய் இறப்பு தவிர்க்கப்படுகிறது. அந்த ஒருவருக்காகக் கூடுதலாக 12 பேர் புற்றுநோயாளி என்ற பெயரைச் சுமக்கிறார்கள். அவர்களில் சிலர் தேவையில்லாத அறுவை சிகிச்சையால் சிறுநீரை அடக்க முடியாமலும், ஆண்மைக் குறைவோடும் வாழ நேரிடுகிறது. இந்தச் சுரப்பிப் புரதத்தை 1970-இல் கண்டறிந்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லின், தன் கண்டுபிடிப்பை எல்லோருக்கும் வடிகட்டும் சோதனையாகப் பயன்படுத்துவதைப் பிற்காலத்தில் கடுமையாக எதிர்த்தார். கேட்காமலேயே தொகுப்பில் சேர்த்து இரத்தம் எடுத்து, பிறகு வாசலில் நிற்க வைத்துப் பயாப்ஸி என்று சொல்லி அனுப்புவதை நான் மருத்துவம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில் – மலைக்கோட்டை மருத்துவர்

ஆசிரியர் ஐயா சொன்ன எண்கள் சரியானவை. பி.எஸ்.ஏ. பற்றி அவர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைக் குழுவும் 2018-இல் அதைத்தான் வேறு சொற்களில் சொன்னது: 55 முதல் 69 வயது வரை, நன்மை தீமைகளை மருத்துவரோடு பேசிவிட்டு அவரவர் முடிவெடுக்கலாம், 70-க்கு மேல் வேண்டாம். முன்கூட்டியே பேசாமல் இரத்தத்தை எடுத்துவிடுவதுதான் நம் ஊர்த் தொகுப்புகளில் உள்ள பெரிய கோளாறு.

ஆனால் நார்டிக் ஆய்வின் எண்ணில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த 0.98 என்பது அழைக்கப்பட்டவர்களின் கணக்கு. அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதத்தினர்தான் உண்மையில் பரிசோதனைக்கு வந்தார்கள். வராத 58 சதவீதத்தினரையும் சேர்த்துத்தான் அந்தப் பயன் அளக்கப்பட்டிருக்கிறது. எல்லோரும் வந்திருந்தால் நோய் வருவது 1.22 சதவீதத்திலிருந்து 0.84 ஆகக் குறைந்திருக்கும் என்று அதே ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அதுவும் பொது மக்களிடையே. ஈரோட்டு நண்பருக்கோ அண்ணனின் நோய் காரணமாக ஆபத்து பொது மக்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இந்தியாவில் 45 வயதான அனைவரும் கொலோனோஸ்கோபிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே இந்த நோய் மேலை நாடுகளைவிடக் குறைவு, அரசின் தொற்றா நோய்த் திட்டமும் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களைத்தான் 30 வயதுக்கு மேற்பட்டோரிடம் தேடுகிறது. இவர் அந்த "அனைவரில்" சேர்ந்தவர் அல்லர்.

புராஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டால் அறுவை சிகிச்சைதான் என்ற நிலை மாறிவிட்டது. பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வில், சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் உள்ள 1,643 பேரில் சிலருக்கு அறுவை சிகிச்சை, சிலருக்குக் கதிர்வீச்சு, சிலருக்கு வெறும் கண்காணிப்பு என்று பிரித்துக் கொடுத்தார்கள். 15 ஆண்டுகள் கழித்து அந்த நோயால் இறந்தவர்கள் மொத்தத்தில் 2.7 சதவீதம், மூன்று பிரிவுகளுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியது கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீரியம் குறைந்த புற்றைத் தொடாமல் கண்காணிப்பது இன்று முறையான சிகிச்சைகளில் ஒன்று. ஆகவே தேவையற்ற கத்திக்குப் பயந்து, ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட 5.1-ஐக் கிழித்துப்போட வேண்டாம். திரும்ப ஒருமுறை சோதியுங்கள்.

பதில் – வைகைச் செவிலி

தம்பி, நான் மதுரையில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோபி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொலோனோஸ்கோபிக்கு வருகிறவர்கள் குழாயை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் சிரமம் முந்தைய நாள் மாலையில்தான் இருக்கிறது.

மூன்று நாள்களுக்கு முன்பிருந்தே கீரை, காய்கறித் தோல், முழுப் பயறு, கொய்யா, தக்காளி, கத்தரிக்காய் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். தக்காளி விதையும் கொய்யா விதையும் குழாயின் உறிஞ்சு வழியில் போய் அடைத்துக்கொள்ளும். நாங்கள் அதைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் நீங்கள் மேசையில் படுத்திருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முந்தைய நாள் தெளிவான நீராகாரம் மட்டும்: இளநீர், வடிகட்டிய மோர்த் தெளிவு, பால் சேர்க்காத தேநீர். சிவப்பு நிறப் பானம் எதுவும் கூடாது. உள்ளே அது இரத்தம் போலத் தெரியும்.

பாலிஎத்திலீன் கிளைகால் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். உப்பும் இனிப்பும் கலந்த ஒரு வழவழப்பான சுவை. முதல் நான்கு டம்ளர் தாண்டியதும் குமட்டும். குளிரவைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று நிதானமாகக் குடித்தால் இறங்கிவிடும். பாதியை மாலையிலும் பாதியைப் பரிசோதனை நாள் அதிகாலையிலுமாகப் பிரித்துக் குடிப்பதே குடலை நன்றாகச் சுத்தம் செய்யும். எப்போது முடித்திருக்க வேண்டும் என்பதை மயக்க மருத்துவர் சொல்லும் நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். கடைசியில் போவது கட்டியில்லாமல், இளமஞ்சள் நீராக, கழிவறைப் பீங்கானின் அடி தெரியும்படி இருக்க வேண்டும். கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தால் உள்ளே நுழையும் முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள். சரியாகச் சுத்தமாகாத குடலில் சிறு பாலிப் கண்ணில் படாமல் போகும். திரும்ப ஒருமுறை இதே பாடுபட வேண்டியிருக்கும்.

மேசையில் இடப்பக்கமாகப் படுக்க வைத்து, கை நரம்பில் மயக்க மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். காற்று ஏற்றுவதால் வயிறு உப்பியிருக்கும்; அதை அடக்காமல் வெளியேற்றிவிடுங்கள், அந்த அறையில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அன்று வண்டி ஓட்டக் கூடாது, ஆளோடு வாருங்கள். குடலில் துளை விழுவதும் பெரிய இரத்தக்கசிவும் அரிது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு வயிற்று வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கட்டி கட்டியாக இரத்தம் போனாலோ உடனே திரும்பி வர வேண்டும்.

அறிக்கையை வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். குழாய் சீக்கம் வரை, அதாவது பெருங்குடலின் தொடக்கம் வரை, போனதாக எழுதி அதற்குப் படமும் இருக்க வேண்டும். குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதற்கு பாஸ்டன் மதிப்பெண் என்று ஒன்பதுக்குப் போடுவார்கள்; மொத்தம் குறைந்தது ஆறு, அதோடு குடலின் மூன்று பகுதியிலும் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மூலத்துக்காகக் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்த சிக்மாய்டோஸ்கோபி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குக் கொலோனோஸ்கோபி முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள் இன்னும் வருகிறார்கள்.

ஒரே நேரத்தில் முடிக்கலாமா என்று கேட்டீர்கள். குழாயைச் செலுத்தும் முன் மருத்துவர் விரலால் தொட்டுப் பார்ப்பது வழக்கம். ஆண்களுக்கு அப்போது புராஸ்டேட்டும் தட்டுப்படும். உங்கள் பி.எஸ்.ஏ. அளவை முன்பே சொல்லிவைத்தால் கட்டியோ கடினமோ இருக்கிறதா என்று கவனித்து எழுதுவார். அதற்காக யூராலஜி மருத்துவரைப் பார்ப்பதை விட்டுவிட முடியாது. பி.எஸ்.ஏ.-க்கான இரத்தத்தைக் கொலோனோஸ்கோபிக்கு முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

பதில் – காலிங்கராயன் கரை

அனைவருக்கும் நன்றி. கொலோனோஸ்கோபிக்கு வரும் மாதம் நேரம் வாங்கிவிட்டேன். அதற்கு முந்தைய வாரம் சிறுநீரையும் பி.எஸ்.ஏ.-வையும் திரும்பச் சோதிப்பதாக முடிவு செய்திருக்கிறேன். டூட்டாஸ்டெரைடு போன்ற மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. என் தங்கைக்கு 46 வயது. அவளும் செய்துகொள்ள வேண்டுமா? சர்க்கரைக்காக மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் எடுக்கிறேன், இருதயத்துக்காக ஆஸ்பிரின் 75 எடுக்கிறேன். அவற்றைப் பட்டினி நாளில் என்ன செய்வது?

பதில் – வைகைச் செவிலி

தங்கைக்கும் உங்களுக்குச் சொன்ன அதே கணக்குத்தான், தம்பி. அவரையும் கூட்டிப் போங்கள்.

மாத்திரை விஷயத்தில் டாபாகிளிஃப்ளோசின் முக்கியம். பொதுவாகக் குறைந்தது மூன்று நாள்களுக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியும் பேதியுமாக இருக்கும்போது அதை எடுத்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடிவிடும் அபாயம் உண்டு. கருவியில் பார்த்தால் 180 என்று காட்டும், ஆள் வாந்தியும் மூச்சிரைப்புமாகக் கிடப்பார். மெட்ஃபார்மினைப் பட்டினி நாளில் விடச் சொல்வது வழக்கம். குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரலாம். குளோபிடோக்ரெலோ வேறு இரத்தம் உறையாமைக்கான மருந்தோ இருந்தால் இருதய மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. எதை எந்த நாளில் நிறுத்தி, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை உங்களுக்குச் சர்க்கரை மருந்து எழுதும் மருத்துவரிடம் தேதி போட்டு எழுதி வாங்கி, அந்தத் தாளை எண்டோஸ்கோபி பிரிவில் நேரம் உறுதி செய்யும்போதே காட்டிவிடுங்கள். காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள்.